தாசில்தாரை விழுங்கிய மரநாய்

மேற்கு மலையிலிருந்து இறங்கி வருகிற ஓடையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, ரயில்வே கேட்டைப் பார்த்தபடி ஒற்றை வரிசையாக நிற்கிற கேட்டடித் தெருவில், ஆவுடைத்தாய் வளர்த்த சேவலை ஏதோ ஒன்று பிடித்துத் தின்றுவிட்டுப் போன மறுநாள் விடியற்காலையிலும் அந்தச் சேவல் வழக்கமான நேரத்துக்குக் கூவியது. கூவல் கேட்டுத் தெரு எழுந்தது. பால்காரர் சைக்கிளை எடுத்தார், பெண்கள் வாசல் தெளிக்க வாளியைத் தூக்கினார்கள், ஆவுடைத்தாயும் தலைமுடியை அள்ளிச் செருகிக்கொண்டு ஒரு பிடி நொய்யோடு புறவாசல் கதவைத் திறந்தாள். கோழிகளைக் கவிழ்த்து மூடுகிற பஞ்சாரக் கூடை சரிந்து கிடந்தது. கோழிகள் முருங்கை மரத்தின் மேல் ஏறி உட்கார்ந்திருந்தன. துவைகல்லைச் சுற்றிச் செம்பட்டை இறகுகள் சிதறி, வாலில் இருந்த கறுப்புத் தோகை ஒன்று மட்டும் தண்ணீர்த் தொட்டியில் மிதந்தது. நொய்யைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றவளுக்குக் கொஞ்ச நேரம் எதுவும் ஓடவில்லை. அப்புறம்தான், செத்துப்போன சேவல் இப்போது கூவியிருக்கிறது என்பது உறைத்தது.

தெருவின் ஒரே சேவலான அதன் பெயர் தாசில்தார். நெஞ்சை முன்னால் தள்ளி, ஒரு காலைத் தூக்கி யோசித்து, நிலத்துக்குத் தகுதி இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் அதைக் கீழே வைக்கும். தெருவே சேர்ந்து வைத்த பெயர். நடைதான் அப்படியே தவிர, குணத்தில் அதைப்போல் ஒரு சேவல் கிடையாது. ஒரு மணி நொய் கண்ணில் பட்டாலும் தான் கொத்தாமல் கொக் கொக் கொக்கென்று பெட்டைகளைக் கூப்பிட்டுவிட்டு ஒதுங்கி நிற்கும். வானத்தில் பருந்தின் நிழல் அசைந்தால் தொண்டைக்குள்ளிருந்து நீளமாக ஒரு குரல் எடுக்கும். அந்தக் குரல் கேட்டதும் தெருவில் உள்ள அத்தனை குஞ்சும் செடிக்கடியில், வண்டிக்கடியில், கிடைத்த பாவாடைக்கடியில் மறைந்துபோகும்.

கேட்டடித் தெருவில் கோழி இல்லாத வீடு இல்லை. அந்தத் தெருப் பெண்களுக்கு இது என்னுடையது என்று சொல்லிக்கொள்ள வேறு எதுவும் இல்லை என்பதால் கோழிகளை அவர்கள் பார்த்துக்கொண்ட விதமே தனி. வீடு மாமனார் பேரில், வண்டி புருஷன் பேரில், நகை அடகுக்கடையில். கோழியைப் பற்றி மட்டும் யாரும் கேள்வி கேட்கமாட்டார்கள். ஆவுடைத்தாயின் புருஷன் கேரளத்துப் பக்கம் ஓட்டலில் புரோட்டா மாஸ்டர். மாதம் ஒருமுறை வருவார். அங்கன்வாடியில் சமைத்துப்போட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் அவளோடு பேசுவதற்கு இருந்தது கோழிகளும், பக்கத்து வீட்டு லூர்துமேரியும்தான்.

ஓடைக்கு அந்தப் பக்கம் இருந்த தென்னந்தோப்பை வெட்டி வீட்டுமனைக் கல் நட்ட பிறகு கோழிகள் காணாமல்போக ஆரம்பித்தன. முதலில் பருந்து என்றார்கள். பருந்து பகலில்தான் வரும், இதுவோ விடிந்து பார்த்தால் இல்லை. அப்புறம் கீரி என்றார்கள். கீரி பஞ்சாரத்தைத் தூக்காது. ரகமத்து பீவியம்மா வீட்டில் அடைகாத்துக்கொண்டிருந்த பெட்டையை முட்டைகளோடு சேர்த்து ஏதோ ஒன்று தூக்கிக்கொண்டு போனபோது, அந்த அம்மாள் ரெண்டு நாள் சோறு இறங்காமல் கிடந்தாள். உரக்கடை பரமசிவன் வீட்டில் ஒரே ராத்திரியில் நான்கு கோழி கழுத்தில்லாமல் கிடந்தன. தெருவில் யாரும் சரியாகத் தூங்கவில்லை. எந்த வீட்டில் எது படபடத்தாலும் எல்லா வீட்டிலும் விளக்கு எரிந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் லூர்துமேரி வீட்டு நாய் சீனி, வாயில் ஒரு கோழிச் சிறகோடு ஓடையிலிருந்து ஏறி வந்தது. ஆவுடைத்தாய் அதைப் பார்த்தாள். பார்த்தவள் வாயை மூடிக்கொண்டிருந்திருக்கலாம். முந்தின நாள்தான் அவளுடைய கறுப்புப் பெட்டை போயிருந்தது.

"ஏ லூர்து, வெளிய வா. வந்து ஒன் நாயி வாயப் பாரு. ஊரெல்லாம் கள்ளனத் தேடுதோம், கள்ளன் ஒன் வீட்டுல சோறு திங்கான்."

"கெடந்த சிறகக் கவ்விட்டு வந்துருக்கும்க்கா. சீனி குஞ்சு மேல கால்கூட வைக்காது. ஒனக்குத் தெரியாதா?"

"எனக்கு என்ன தெரியும்? நாயி ஒன்னோடது."

அந்தக் கடைசி வார்த்தைதான் வெட்டியது. அந்த நாயைச் சாக்கடையிலிருந்து குட்டியாக எடுத்து வந்தது ரெண்டு பேரும் சேர்ந்து; பேர் வைத்ததே ஆவுடைத்தாய்தான். லூர்துமேரி நாயின் கழுத்தைப் பிடித்து உள்ளே இழுத்துக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினாள். அவளுடைய புருஷன் ஞானமுத்து, கேட்டுக்குப் பக்கத்தில் பஞ்சர் கடை வைத்திருப்பவர், அன்று சாயங்காலமே சங்கிலி வாங்கி வந்து சீனியைக் கட்டினார். ஞாயிற்றுக்கிழமை மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிட்டு வர வேண்டும் என்று தெரு சொன்னது. அவர் தலையாட்டினார். சனிக்கிழமை ராத்திரி தாசில்தார் போய்விட்டது.

இப்போது விடிந்து, இறகுகளுக்கு நடுவில் ஆவுடைத்தாய் நின்றுகொண்டிருக்கும்போது மறுபடியும் கூவல் கேட்டது. முருங்கை மரத்துப் பெட்டைகள் கழுத்தை நீட்டின. சத்தம் தெருக்கோடியில் ரேஷன் கடைப் பக்கமிருந்து வந்தது. அவள் ஓடினாள். அவள் ஓடுவதைப் பார்த்து மற்றவர்களும் ஓடினார்கள். கடையின் ஓட்டுக்கூரைக்குக் கீழே, பழைய சாக்குகள் அடுக்கிய பரணில், மீசையும் நீண்ட வாலுமாக, முகத்தில் கரி பூசியதுபோல் ஒரு மரநாய் சுருண்டு படுத்திருந்தது. அதன் கடைவாயில் செம்பட்டைத் தூவல் ஒட்டியிருந்தது. எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே, அதன் வாய் மூடியிருக்க, வயிற்றுக்குள்ளிருந்து தாசில்தார் மூன்றாம் தடவை கூவியது. கூவி முடித்ததும் வழக்கம்போல் தொண்டையை ஒரு கொக்கரிப்போடு கனைத்துக்கொண்டது. மரநாய் தன் வயிற்றையே திரும்பிப் பார்த்தது. அப்புறம் வெளிச்சம் பிடிக்காமல் முகத்தை வாலுக்குள் புதைத்துக்கொண்டது.

"நம்ம தாசில்தார்தான்," என்றாள் ரகமத்து பீவியம்மா. "கொரல்ல ஒரு கொறையும் இல்ல."

"உள்ள இருட்டா இருக்குமே, நேரம் எப்படித் தெரியுது?" என்று பால்காரர் கேட்டார்.

"அதுக்கு எப்பவும் தெரியும்," என்றாள் ஆவுடைத்தாய். அவளுக்கு அழுகை வந்தது, அதே சமயம் ஒரு பெரிய பாரம் இறங்கியதுபோலவும் இருந்தது. சேவல் செத்ததா இல்லையா என்று அவளால் தீர்மானிக்க முடியவில்லை. ஆனால் கள்ளன் யார் என்று தெருவுக்கே தெரிந்துவிட்டது. ஞானமுத்து வீட்டுக்குப் போய் நாயின் சங்கிலியைக் கழற்றி, அதைச் சுருட்டி, ஓடைக்குள் வீசி எறிந்தார்.

அன்றைக்கே ஆவுடைத்தாய் ஒரு தட்டில் முட்டைகளை வைத்துக்கொண்டு லூர்துமேரி வீட்டு வாசலில் போய் நின்றாள். கதவு திறக்கவில்லை.

"லூர்து, நான் சொன்னது தப்பு."

"எங்கிட்ட எதுக்குச் சொல்லுத?" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "நாயத்தான சொன்ன? நாயிகிட்டப் போய்ச் சொல்லு."

ஆவுடைத்தாய் வீட்டைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போய், கொய்யா மரத்தடியில் படுத்திருந்த சீனிக்கு முன்னால் குத்தவைத்து உட்கார்ந்து, "தப்பாப் பேசிட்டேன்டா, மன்னிச்சுக்கோ," என்று முறையாகச் சொன்னாள். சீனி அவள் புறங்கையை நக்கியது. அடுப்படி ஜன்னல் வழியாக லூர்துமேரி இதைப் பார்த்தாள். பார்த்தாலும் வெளியே வரவில்லை.

மரநாய் அப்புறம் எங்கும் ஒளிய முடியவில்லை. அது போகிற இடமெல்லாம் தெருவுக்குத் தெரிந்தது. பள்ளிக்கூடத்துக் கூரையிலிருந்து கூவியது, மறுநாள் அரசமரத்துப் பொந்திலிருந்து கூவியது, மழை பெய்த அன்று பிள்ளையார் கோயில் மடைப்பள்ளியிலிருந்து கூவியது. அங்கே அர்ச்சகர் கொஞ்சம் யோசித்துவிட்டு, கூவுகிறது சேவல்தானே, முருகனுக்கு வேண்டியது, இருந்துவிட்டுப் போகட்டும் என்றார். ரயில் பிடிக்கிறவர்கள் கூவல் வருகிற திசையைக் கேட்டு, இன்று நேரம் சரியாக இருக்கிறதா, மரநாய் தூரத்தில் இருப்பதால் சத்தம் தாமதமாக வருகிறதா என்று வாதம் செய்தார்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த பெண்கள் போனில், "கூவுதாம்மா? காதுல வையி" என்று கேட்டார்கள். கால்நடை மருத்துவர் வந்து, பரணில் ஏணி போட்டு ஏறி, மரநாயின் வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டுவிட்டு, ஜீரணம் நன்றாக இருக்கிறது, சேவலும் ஆரோக்கியமாக இருக்கிறது என்றார். வனக்காவலர் ஒருவர் கூண்டோடு வந்தார். வந்தவர் வெகுநேரம் நின்று கேட்டுக்கொண்டிருந்துவிட்டுக் கூண்டைத் திரும்ப வண்டியில் ஏற்றினார்.

"மரநாய்னா நான் பிடிச்சுட்டுப்போய் மலையில விடணும். கோழின்னா அது எங்க துறை இல்ல. இத மலையில கொண்டுபோய் விட்டா, ஒங்க கோழிய நான் தூக்கிட்டுப் போயிட்டேன்னு நாளைக்கு நீங்களே சொல்லுவீங்க."

அதிசயத்தைவிடத் தெருவுக்கு முக்கியமாகப் பட்டது வேறு. மரநாய் எந்த வீட்டுப் புறவாசலை நெருங்கினாலும், பருந்து நிழலுக்கு எடுக்கிற அந்த நீளக் குரலை உள்ளேயிருந்து தாசில்தார் எடுத்தது. பெட்டைகள் மரத்தில் ஏறின, குஞ்சுகள் மறைந்தன, மனிதர்கள் கம்போடு வந்தார்கள். ஒரு வீட்டிலும் ஒரு கோழி போகவில்லை. தப்பித் தவறி ஒன்றின் பக்கத்தில் அது போய்விட்டாலும், கடிப்பதற்கு வாயைத் திறந்ததும் அடைப்பை எடுத்ததுபோல் கூவல் முழுச் சத்தத்தோடு வெளியே பாய்ந்தது. அதில் மரநாயே பயந்து நாலடி பின்னால் குதித்தது. எலி பிடிக்க முடியவில்லை. தவளை பிடிக்க முடியவில்லை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்தது. மூடிய வாயோடு அது தெருவில் நடந்து போகும்போது ஊமையாகிப்போன மனிதன்போல் இருந்தது. பழம் தின்னும்போது மட்டும் தாசில்தார் ஆட்சேபிக்கவில்லை என்பதை ஆவுடைத்தாய்தான் கண்டுபிடித்தாள். பழுத்துக் கறுத்த வாழைப்பழத்தைச் சுவரின் மேல் வைத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நிற்பாள். மரநாய் வந்து தின்னும். உள்ளேயிருந்து கொக் கொக்கென்று திருப்தியான சத்தம் வரும்.

"தின்னவனுக்கே ஊட்டுறியா?" என்று தெரு கேட்டது.

"ரெண்டு பேருக்கும்தான் ஊட்டுதேன்," என்றாள்.

அந்தக் கொக் கொக்கில்தான் புதுச் சங்கடம் முளைத்தது. தீனி கண்டால் பெட்டைகளைக் கூப்பிடுகிற தன் வழக்கத்தைத் தாசில்தார் வயிற்றுக்குள் போன பிறகும் விடவில்லை. மரநாய் எங்கே எதை முகர்ந்தாலும் அது கூப்பிட்டது, கூப்பிட்ட குரலுக்குப் பெட்டைகள் ஓடின. ஆவுடைத்தாயின் கோழிகள் முதலில், அப்புறம் பீவியம்மாவின் கோழிகள், கடைசியில் தெருக் கோழிகள் எல்லாமே பட்டப்பகலில் மரநாய்க்குப் பின்னால் ஊர்வலமாகப் போயின. நடுவில் அது, ஒன்றையும் தொட முடியாமல், சம்பந்தி வீட்டில் வந்து மாட்டிக்கொண்டவன்போலத் திருதிருவென்று விழித்துக்கொண்டு நடந்தது. சீனி வேறு கடைசியில் வாலாட்டிக்கொண்டு போகும். ஆட்கள் பார்த்துச் சிரித்தார்கள். பரமசிவன் சிரிக்கவில்லை.

பரமசிவன் கெட்டவர் இல்லை. நான்கு கோழியும் கழுத்தில்லாமல் கிடந்த காலையில், அவருடைய மனைவி அவற்றை ஒவ்வொன்றாகத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததை அவரால் மறக்க முடியவில்லை. "இன்னைக்கு வாயத் திறக்கப் பயப்படுது. நாளைக்கு அந்தச் சத்தம் நின்னுபோச்சுன்னா? அத்தன கோழியும் அது வாய்க்கு முன்னால நிக்கே, ஒத்தக் கடியில போயிருமே," என்று கேட்டார். அவர் கடையில் பயிருக்கு அடிக்கிற மருந்து இருந்தது. ஒரு சாயங்காலம், யாரிடமும் சொல்லாமல், கறிக்கடையில் கழித்துப்போட்ட கோழிக்குடலில் மருந்தைப் பிசைந்து, ஓடைக்கரைப் புங்கமரத்தடியில் இலையில் வைத்துவிட்டு வந்தார்.

பிள்ளைகள் பள்ளிக்கூடம் விட்டு வந்து, பெண்கள் காபி போட்டுக்கொண்டிருந்த நேரம். மரநாய் பசியில் மோப்பம் பிடித்துப் புங்கமரத்துக்குப் போனது. தாசில்தார் முதலில், தீனி என்று நினைத்து, கொக் கொக்கென்று கூப்பிட்டது. தெருக் கோழிகள் அத்தனையும் ஓடைக்கரைக்கு ஓடின. எல்லாவற்றுக்கும் முன்னால் ஓடியது, பரமசிவன் மனைவி புதிதாக வாங்கி வளர்க்கிற புள்ளிப் பெட்டை. அதைத் தாண்டிக்கொண்டு ஓடியது சீனி.

அந்த இலையின்மேல் மூக்கை வைத்த மரநாய் என்ன உணர்ந்ததோ, உள்ளே இருந்த தாசில்தார் என்ன உணர்ந்ததோ, அந்த நீளக் குரல் எழும்பியது. அதுவரை அது பருந்துக்கு எடுத்த குரல் எதுவும் இதற்கு ஈடில்லை. ரயில்வே கேட்டில் நின்ற வண்டிகள் எஞ்சினை நிறுத்தின. பெட்டைகள் ஓடிய வேகத்திலேயே திரும்பின. காபிச் சட்டியை அப்படியே விட்டுவிட்டு ஆவுடைத்தாய் புறவாசல் வழியாக ஓடினாள். அடுத்த வீட்டுப் புறவாசலிலிருந்து லூர்துமேரியும் ஓடி வந்தாள். ஓடைக்கரைச் சரிவில் ரெண்டு பேரும் தோளோடு தோள் இடித்துக்கொண்டு இறங்கினார்கள். பின்னாலிருந்து பரமசிவன் வேட்டியைப் பிடித்துக்கொண்டு, "தொடாதீங்க, தொடாதீங்க, மருந்து வச்சிருக்கேன்!" என்று அலறிக்கொண்டு வந்தார்.

கோழிக்குத்தான் அந்தக் குரலின் அர்த்தம் தெரியும். நாய்க்குத் தெரியாது. சீனியின் வாயில் குடல் தொங்கிக்கொண்டிருந்தது.

"சீனி, விடு! விடுடா!" லூர்துமேரி அதன்மேல் விழுந்தாள். நாய் விளையாட்டு என்று நினைத்துப் பல்லை இறுக்கியது. ஆவுடைத்தாய் அதன் தாடையை ரெண்டு கையாலும் பிடித்துப் பிளந்தாள். பல் அவள் விரலில் ஏறி ரத்தம் வந்தது.

"லூர்து, நான் அன்னைக்குச் சொன்னது..."

"இப்பவா சொல்லுவ? வாயப் புடி. விட்ராத!"

லூர்துமேரி நாயின் தொண்டைவரை கையை விட்டு, உள்ளே போன குடலை இழுத்து வெளியே எறிந்தாள். ரெண்டு பேருமாக அதை ஓடைத்தண்ணீருக்குள் தூக்கிக்கொண்டுபோய் வாயைக் கழுவினார்கள், மறுபடியும் கழுவினார்கள், சேலைத் தலைப்பை நனைத்து நாக்கைத் துடைத்தார்கள். ஞானமுத்து பைக்கோடு வந்தார். நடுவில் நாயை வைத்துப் பிடித்துக்கொண்டு லூர்துமேரி ஏறினாள். கால்நடை மருத்துவமனைக்குப் போன வண்டியின் பின்னால் ஆவுடைத்தாய் ஈரச் சேலையோடு நடந்தே போனாள். அவள் போய்ச் சேரும்போது ஊசி போட்டிருந்தார்கள். சீனி பக்கவாட்டில் சாய்ந்து, வயிறு ஏறி இறங்கப் படுத்திருந்தது. லூர்துமேரி பெஞ்சில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து இடம் விட்டாள்.

ஆவுடைத்தாயின் விரலில் ரத்தம் கசிவதைப் பார்த்துவிட்டு லூர்துமேரி அதை இழுத்துத் தன் முந்தானையில் சுற்றிப் பிடித்துக்கொண்டாள். விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சீனி தலையைத் தூக்கி, கிண்ணத்திலிருந்த தண்ணீரைச் சளப் சளப்பென்று குடித்தது. அந்தச் சத்தம் கேட்டதும்தான் இவ்வளவு நேரம் மூச்சை அடக்கிக்கொண்டிருந்தது ரெண்டு பேருக்கும் தெரிந்தது. லூர்துமேரி முதலில் சிரித்தாள். சிரித்துக்கொண்டே ஆவுடைத்தாயின் தோளில் முகத்தை வைத்து அழுதாள்.

"ஒன் நாயின்னு சொல்லிட்டயேக்கா."

"நம்ம நாயி. நம்ம நாயிதான். வாய் தவறிட்டு."

புங்கமரத்தடியில் பரமசிவன் முழங்கால் ஆழத்துக்குக் குழி தோண்டி இலையையும் குடலையும் புதைத்து, மேலே கல்லை ஏற்றிவிட்டு, இருட்டும்வரை அதன் பக்கத்திலேயே காவல் நின்றார். மரநாய் மரத்தின் மேல் கிளையில் உட்கார்ந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது. தின்றவனையும் தின்னப்பட்டதையும் சேர்த்து ஒரே குரல் காப்பாற்றியிருக்கிறது என்பது அவருக்கு மெதுவாகப் பிடிபட்டது. மறுநாள் காலையில் அவர் மனைவி ஒரு பப்பாளிப் பழத்தைக் கீறி அந்தக் கிளையில் செருகிவைத்தாள்.

அதற்கப்புறம்தான் தெரு, எதிரியைக் கொல்வதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டுக் கூடு கட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தது. பஞ்சாரத்தை யாரும் தூக்கிவிடலாம். கதவு வேண்டும், கூரை வேண்டும், தரை வேண்டும். பரமசிவன் கடையில் தூங்கிக்கொண்டிருந்த கம்பிவலையைக் கொண்டுவந்து தெருவில் உருட்டினார். ஞானமுத்து கடையை அரைநாள் மூடிவிட்டு ஒவ்வொரு வீடாக வந்தார். அவர் மரநாயையே பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டார். அகலக் கண்ணுள்ள வலையில் அது கையை விடுகிறது, அதனால் விரல் நுழையாத சிறு கண் வலை. ஒற்றைக் கொக்கியை அது மீசையால் தடவி, கையால் தூக்கிவிடுகிறது, அதனால் தூக்கித் திருப்பினால்தான் கழலுகிற ரெட்டைத் தாழ்ப்பாள். அதைப் பழைய சைக்கிள் பிரேக் கம்பியில் வளைத்தார். கால் வைத்த கூட்டில் ஏறுகிறது, அதனால் கால்களுக்குத் தகரக் குழாய். தோண்டிப் பார்க்கும் கீரிக்காக வலையை மண்ணுக்குள்ளும் ஒரு முழம் இறக்கிக் கல் அடுக்கினார்கள். பீவியம்மா தன் பங்குக்கு, அடைகாக்கும் பெட்டைக்கென்று சாக்குப்படுதா போட்ட தனி அறை கேட்டாள். கொடுத்தார்கள். அந்த வேலை நடந்த நாட்களில் கேட்டடித் தெருவில் சுத்தியல் சத்தத்துக்கு நடுவே தாசில்தார் இங்கிருந்தும் அங்கிருந்தும் கூவிக்கொண்டிருந்தது.

கடைசியாக முடிந்தது ஆவுடைத்தாய் வீட்டுக் கூடு. அன்று பொழுது சாய்கிற நேரத்தில் கோழிகள் தாமாகவே ஏறி உள்ளே போய்க் குச்சியில் வரிசையாக உட்கார்ந்தன. லூர்துமேரிதான் தாழ்ப்பாளைப் போட்டுத் திருப்பினாள். அப்போது சுவரின் மேல் மரநாய் வந்தது.

ஒருவரும் விரட்டவில்லை. அது இறங்கி, தெருவின் முதல் வீட்டிலிருந்து ஆரம்பித்து ஒவ்வொரு கூடாகப் போனது. வலையில் விரலை விட்டுப் பார்த்தது. தாழ்ப்பாளைத் தூக்கிப் பார்த்தது. காலில் ஏறப்போய்த் தகரத்தில் வழுக்கி விழுந்தது. மூலையில் தோண்டி, கல்லில் நகம் பட்டு நிறுத்தியது. அதன் வயிற்றுக்குள்ளிருந்து ஒரு முணுமுணுப்பு அந்த நேரமெல்லாம் வந்துகொண்டே இருந்தது. எச்சரிக்கிற குரலும் இல்லை, கூப்பிடுகிற குரலும் இல்லை. சரி, சரி, அடுத்தது என்பதுபோல இருந்தது. கதவருகில் நின்று பார்த்துக்கொண்டிருந்த பரமசிவன், தன் வீட்டுக் கூட்டை அது தாண்டிப் போனதும் பெருமூச்சு விட்டுத் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

ஆவுடைத்தாயின் கூட்டுக்கு வந்தபோது மரநாய் எதையும் தொடாமல் முன்னால் உட்கார்ந்தது. உள்ளே பெட்டைகள் அரைத்தூக்கத்தில் மெல்லக் குழறின. வயிற்றுக்குள்ளிருந்து தாசில்தார், பொழுதடைந்து எல்லாரும் வந்தாயிற்று என்று தெரிந்த பிறகு போடுகிற தாழ்ந்த குரல் ஒன்றை ஒரே ஒரு தடவை போட்டது. மரநாய் எழுந்து, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு, ஓடையைத் தாண்டி மலைப்பக்கம் போனது. ஆவுடைத்தாய் அது கண்ணுக்கு மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு உள்ளே வந்து பாயை விரித்தாள்.

மலையில் விறகு பொறுக்கப் போனவர்கள் பின்னொரு நாள் அதைப் பார்த்ததாகச் சொன்னார்கள். காட்டுப் பலாப்பழத்தைக் கிழித்து வைத்துக்கொண்டு, வாயை அகலத் திறந்து திறந்து தின்றதாம், ஒரு சத்தமும் இல்லையாம், கொழுகொழுவென்று இருந்ததாம். அது பிறகு நடந்தது. மறுநாள் காலையில் நடந்தது என்னவென்றால், கேட்டடித் தெரு எழுந்திருக்கவில்லை. யாரும் கூவவில்லை, யாரும் எழவில்லை. பால்காரரின் மாடுகள் மடி கனத்துக் கத்தின. ரயில் வந்து போனது. ஏற வேண்டியவர்கள் வீட்டில் குப்புறப் படுத்துக்கிடந்தார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட மணி கனவில் அடித்தது. வெயில் ஓட்டைத் தாண்டி, ஜன்னலைத் தாண்டி, பாய்வரைக்கும் வந்து ஆவுடைத்தாயின் கன்னத்தில் விழுந்தபோதும் அவள் அசையவில்லை.

கதவு தடதடவென்று இடிபட்டது. திறந்தால் லூர்துமேரி, ஒரு கையில் காபி, பின்னால் சீனி. அவள் முகத்திலும் பாயின் கோடுகள் பதிந்திருந்தன.

"எக்கா, கேட்டியா? கூவல. இன்னைக்கு அது கூவவே இல்ல." அவள் ஆவுடைத்தாயின் முகத்தை உற்றுப் பார்த்தாள். "கண்ணு இப்படி வீங்கிக் கெடக்கே. ராத்திரியெல்லாம் அழுதியா?"

ஆவுடைத்தாய் கண்ணைத் தொட்டுப் பார்த்தாள். புறவாசலில் இவ்வளவு நேரமாகியும் கதவு திறக்காத கோழிகள் எல்லாம் சேர்ந்து கத்திக்கொண்டிருந்தன. சத்தத்தைக் கேட்டாலே தெரிந்தது, ஒன்றுகூடக் குறையவில்லை.

"இல்ல லூர்து," என்றாள். "தூங்கிட்டேன்."